பூஜ்யம் என்று போட்ட இடம்

நல்லபெருமாள் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஸ்கேன் அறைக் கண்ணாடி வழியாக. ஒலிபெருக்கியில் ஒரு குரல், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது. சண்முகவடிவு பிடித்தாள். கன்னம் உப்ப, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. அங்கிருந்து நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள்.

"நெஞ்சைத் திறந்தோம். குழாயில் கை வைக்கும் முன்பே அதுவாகக் கிழிந்துவிட்டது" என்றார் டாக்டர்.

நல்லபெருமாள் நம்பவில்லை. அனல்மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்குக் கணக்குப் போட்டே தலை நரைத்தவர் அவர். இவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்கு சொன்னால் குழாய் தாங்கும். தாங்கவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வேலையை விட்டார். உடம்பின் திசுக்களைக் கம்ப்யூட்டரில் கட்டி, எது எவ்வளவு இழுபடும், எங்கே கிழியும் என்று கணக்கிடும் ஆய்வுக்கூடம் ஒன்றில் மாணவராகச் சேர்ந்தார். அதை நடத்திய பெனடிக்டா அவரைவிட இளையவர். இவர் அவரை "மேடம்" என்பார். அவர் இவரை "அண்ணாச்சி" என்பார்.

ஒரு காலையில் நல்லபெருமாள் லேப்டாப்பைக் கொண்டுவந்து பெனடிக்டா முன்னால் வைத்தார்.

"முடிஞ்சிட்டு மேடம்."

திரையில் சண்முகவடிவின் ரத்தக்குழாய். அந்த ஸ்கேன் படத்திலிருந்து அடுக்கடுக்காகக் கட்டியது. கிழியப்போகும் இடம் சிவப்பாகத் தெரிய வேண்டும். முழுக்க நீலமாக இருந்தது.

"பிரஷரை எவ்வளவோ ஏத்திப் பாத்தேன். கிழியவே மாட்டேங்கு. கத்தி பட்டுத்தான் கிழிஞ்சிருக்கு. டாக்டர் மேல கேஸ் போடப் போறேன். நீங்க கோர்ட்டுக்கு வந்து, கணக்கு சரின்னு சொல்லணும்."

பெனடிக்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு."

"சரியா இருக்கான்னு சொல்லுங்க."

"இவ்வளவு அழகா இருந்தா எனக்குச் சந்தேகம் வந்துரும் அண்ணாச்சி."

"எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. போன மாநாட்டுல நீங்களும் அந்த டாக்டரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டதை நான் பாத்தேன்."

"ஆமா. பிரியாணியில உப்பு இல்ல. அதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

நல்லபெருமாள் சிரிக்கவில்லை.

பெனடிக்டா எழுந்துபோய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். உள்ளே ஆட்டின் ரத்தக்குழாய், வளையல் வளையலாக நறுக்கி, உப்புநீரில். "இதைப் போட்டு என்னம்மா கொழம்பு வைப்பீங்க?" என்று கறிக்கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

பெனடிக்டா ஒரு வளையத்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார்.

"இது மேல இப்போ எவ்வளவு இழுப்பு இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆடு செத்தாச்சு, ரத்தம் வடிஞ்சாச்சு. பூஜ்யம்."

"நிச்சயமா?"

"பைப் சும்மா தரையில கெடந்தா பூஜ்யம்தான் மேடம். இதுகூடத் தெரியாமலா அத்தன வருஷம் சம்பளம் வாங்கினேன்?"

பெனடிக்டா கத்தரிக்கோலை நீட்டினார். "ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்க."

வெட்டினார்.

வளையம் வெடுக்கென்று விரிந்தது. பிறகு மெல்ல மெல்ல இன்னும் விரிந்தது.

"யார் இழுத்தா?"

நல்லபெருமாள் கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்ணத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"இது நீங்க எடுத்துத் தந்த வளையம்" என்றார்.

"நீங்களே ஒண்ணு எடுங்க."

பாட்டிலுக்குள் விரலை விட்டு, அடியில் கிடந்த ஒன்றை எடுத்தார். கத்தரிக்கோலைத் தொடவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு புது பிளேடைப் பிரித்து அறுத்தார்.

அதுவும் விரிந்தது.

"செத்த பெறகுமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு?"

"ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லைப் பிடிச்சுக்கிட்டேதான் வளருது. செத்த ஆட்டுக்கே இவ்வளவு."



"மாடலை எங்கேருந்து ஆரம்பிச்சீங்க, அண்ணாச்சி?"

"ஸ்கேன் படத்துலேருந்து."

"அந்தப் படத்துல இழுப்பு எவ்வளவுன்னு போட்டீங்க?"

"பூஜ்யம். அதுக்கு மேலதான் பிரஷரை ஏத்தினேன்."

பெனடிக்டா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"படம் எடுத்தப்போ அவங்க உயிரோடதானே இருந்தாங்க?"

நல்லபெருமாள் கோபமாக வாயைத் திறந்தார். கண்ணாடி தெரிந்தது. உப்பிய கன்னம் தெரிந்தது. பிடித்த மூச்சுக்கு உள்ளே, அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது, இதயம் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அந்தக் குழாயை இழுத்து விரித்தபடி. அதைத்தான் அவர் பூஜ்யம் என்று போட்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

பிறகு, "அப்போ டாக்டர் சொன்னது நெசமா?" என்றார்.

"தெரியாது."

"பொய்யா?"

"அதுவும் தெரியாது. இந்த நீலத்துக்கும் தெரியாது."

நல்லபெருமாள் கிண்ணத்துக்குள் கையை விட்டார். தான் அறுத்த வளையத்தின் இரு முனைகளையும் விரல்களால் சேர்த்துப் பிடித்தார். வட்டமாக நின்றது. கையை எடுத்தார்.

கிண்ணத்தில் இரண்டு வளையங்கள் விரிந்து கிடந்தன.