வயிற்றில் இடம் செய்த சுறா

அந்தக் காலத்தில் கடலில் எல்லா மீனுக்கும் பேச்சு வந்தது. சுறாவுக்கு மட்டும் பேசத் தெம்பில்லை. முட்டையிட்டு முட்டையிட்டே ஓய்ந்து போயிருந்தாள், பாவம். அப்போது சுறா என்றால் ஒருத்திதான், இன்றைக்கு இருக்கிற இத்தனை வகை கிடையாது. பாசிக்குள் முட்டையிடுவாள், இரை தேடப் போவாள். திரும்பி வந்தால் களவா மீன் ஒருவன் முட்டையையெல்லாம் தின்று வயிறு உப்பி அங்கேயே படுத்திருப்பான்.

"ஏன்டா, உனக்கு வேற சாப்பாடே கிடைக்கலையா?" என்று கேட்பாள்.

"வழியில கிடந்துச்சு, சாப்பிட்டேன். பத்திரமா வைக்கிறது உன் பாடு" என்பான். திமிரைப் பாருங்கள்!

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு குஞ்சின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அழுது அழுது அழுகையும் அலுத்துப்போனது. வெளியே இட்டால்தானே தின்கிறான், வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது.

ஆனால் வயிற்றில் இடம் வேண்டுமே! மற்ற மீன்களுக்கு இருப்பதுபோல அவளுக்கும் உள்ளே ஒரு காற்றுப்பை இருந்தது. அந்தப் பை இருப்பதால்தான் மீன்கள் மூழ்காமல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, அப்படியே கண் அசருகின்றன. அது அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற சௌகரியத்தை யார் கவனிக்கிறார்கள்? இடத்தை அடைக்கிற ஒரு பை, அவ்வளவுதான் அவள் கண்டது.

முள்ளம்பேத்தை அப்போது ஒரு நோஞ்சான் மீன். யாரைப் பார்த்தாலும் ஓடி ஒளிகிறவன். அவனுக்கு இது எப்படியோ காதில் விழுந்துவிட்டது. "அக்கா, அந்தப் பையை எனக்குக் குடுத்துடேன். உனக்கு இடம் காலியாகும், நானும் நாலு பேர் கண்ணுக்குப் பெரிசாத் தெரிவேன்" என்றான்.

"எடுத்துக்கோ. எனக்குப் பிள்ளை பிழைச்சாப் போதும்" என்றாள். சொன்ன கையோடு ஒரே ஓங்கரிப்பில் பையைத் துப்பிவிட்டாள். யோசித்திருக்கலாம். அலுத்துப்போனவளுக்கு யோசிக்க ஏது நேரம்?

அந்த முறை வந்த முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே தங்கின. களவா பாசிக்குள் தேடிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாடா என்று வாலை நிறுத்தினாள். அவ்வளவுதான், கல்லைப் போட்டாற்போல் கீழே போனாள். செவுளில் தண்ணீர் ஓடவில்லை, மூச்சு முட்டியது. பதறி வாலை அடித்து மேலே வந்தாள். மறுபடி நிறுத்தினாள், மறுபடியும் அதே கதிதான்.

நேரே முள்ளம்பேத்தையிடம் ஓடினாள். "தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் குடுடா. ஒரு தூக்கம் போட்டுட்டுத் திருப்பித் தர்றேன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா அக்கா?" என்று அவன் உடம்பை ஊதி, முள்ளையெல்லாம் விரித்துக் காட்டினான். பாவி! அவள் வாய் வைக்கக்கூட இடமில்லை. வேறு வழியில்லாமல், நிற்காமல் நீந்தத் தொடங்கினாள்.

பிரசவமும் நீந்திக்கொண்டேதான். நின்றால் வயிற்றில் மிச்சம் இருப்பவையும் அவளோடு மூழ்கிவிடும். அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தண்ணீரில் விழுந்தது. ஆற்று முகத்துவாரத்தில் பிறந்தது நல்ல தண்ணீருக்குப் பழகி ஆற்றுக்குள்ளேயே ஏறிப் போயிற்று. வெளிச்சமே இல்லாத ஆழத்தில் பிறந்தது பயத்தில் தன் வயிற்றிலேயே விளக்கு ஏற்றிக்கொண்டது. பாறை நிழல்கள் ஆடுகிற இடத்தில் பிறந்ததற்கு மேலெல்லாம் வரி விழுந்தது. ஒன்று மட்டும், அம்மா எந்தப் பக்கம் போனாள் என்று இடமும் வலமும் தேடித் தேடி, தலையே இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு கொம்பன் சுறா ஆயிற்று. அதன் அழுகை அவளுக்குக் கேட்டது. கேட்டும் அவளால் நிற்க முடியவில்லை.

கடைசியாகக் கரையோரப் பாசிக்கு மேலே ஒரு பொடிசு பிறந்தது, பூனைச் சுறா. அது விடாமல் கூடவே நீந்தி வந்தது.

"ஒரு நிமிஷம் நில்லேம்மா, உன் முகத்தைப் பாத்துக்கறேன்."

"நின்னா மூழ்கிடுவேன்டி."

"எப்பத்தான் தூங்குவ?"

"தெரியலைடி. ரொம்ப அசதியா இருக்கு."

பொடிசு வாலை வேகமாக அடித்து அவள் பக்கத்தில் வந்தது. பிறகு, "நான் உன்னை மாதிரி இருக்க மாட்டேம்மா" என்றது.

பெற்றவளுக்குச் சுருக்கென்றிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. "இருக்காதே" என்றாள். "ஆனா முட்டையைக் களவா தின்னுடுவானே, என்ன பண்ணுவ?"

"கெட்டியாத் தோல் பை பண்ணி, முட்டையை அதுக்குள்ள வச்சு, நாலு மூலையிலயும் கயிறு விட்டுப் பாசியில கட்டிடுவேன். அப்புறம் தரையில படுத்துத் தூங்குவேன்."

"எனக்கு இது தோணாமப் போச்சே" என்றாள் அம்மா. சிரித்தாளா அழுதாளா, கடல் தண்ணீரில் யார் கண்டது? "தூங்கு கண்ணு. எனக்கும் சேத்துத் தூங்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பெற்ற பிள்ளையை விட்டுப் போகிறது, ஈரமில்லாத ஜென்மம் என்று சுறாவைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். திட்டட்டும். அன்று முதல்தான் பூனைச் சுறா முட்டையைப் பாசியில் கட்டிவிட்டுக் கடல் தரையில் படுத்துத் தூங்குகிறது. அம்மா வழியில் வந்த மற்ற சுறாக்களோ, பெற்ற பிள்ளையின் முகம் பார்க்க நிற்க முடியாமல் இன்னும் போய்க்கொண்டே இருக்கின்றன.