வாசற்படி வரி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நமக்கெதற்கு வம்பு! அந்த அரண்மனையில் வேம்பையன் என்றொரு விகடன் இருந்தான். காலையில் ராஜாவைச் சிரிக்க வைப்பான். மாலையில் தன் வீட்டில் நாலு வக்கீல்களை வைத்து ஏழைகளின் வழக்குகளை நடத்துவான். அதற்குக் கூலி ஒரு மரக்கால் நெல்.

கருவூலத் தலைவர் ஏகவீரருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவருடைய மைத்துனன், மருதாயி என்ற விதவையின் ஏரிக்கரை நிலத்தை வளைத்துப் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை விசாரணை. மருதாயிக்காகப் பேசப்போவது வேம்பையன் வீட்டு வக்கீல்கள். அந்த வீட்டை அதற்குள் மூடவைத்தாக வேண்டுமே!

ராஜாவுக்கோ புது வரி போடும் ஆசை. ஏகவீரர் காதில் ஓதினார். மறுநாளே பறை முழங்கியது: "வழக்கு விஷயமாக வக்கீல் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும், வீட்டுக்காரன் ஒரு பொன் வரி கட்ட வேண்டும்!"

மருதாயி ஓடிவந்து தெருவிலேயே நின்று அழுதாள். "நான் படியேறினா உங்களுக்கு ஒரு பொன் தண்டமாமே, சாமி! எனக்காக நீங்க கெட்டுப்போக வேணாம். நிலம் போனாப் போகுது."

"உன்னை யாரு படியேறச் சொன்னா? அங்கேயே உட்காரு ஆத்தா," என்றான் வேம்பையன்.

அன்றே வாசலில் ஒரு மோர்ப்பந்தல் எழுந்தது. பந்தலுக்கு வரி கிடையாது என்று ராஜாவின் பாட்டனாரே கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார். நாலு வக்கீல்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஜனங்கள் மோரைக் குடித்தபடி வழக்கைச் சொன்னார்கள். புதன்கிழமை மத்தியானம் மட்டும், முக்காடு போட்ட ஒருவர் பந்தலில் நிற்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள்ளேயே போனார்.

வியாழக்கிழமை சபையில் ஏகவீரர் கொதித்தார். "மன்னா! இவன் தங்கள் ஆணையை ஏய்க்கிறான்!"

"உண்மையானால் இன்றே உன் வீட்டுக்குப் பூட்டு, வேம்பையா," என்றார் ராஜா.

"எதையாவது மறைத்திருந்தால் தாராளமாகப் பூட்டுங்கள், மன்னா. படியைத் தாண்டியவர் ஒரே ஒருவர். அவருக்கு வரி கட்டிவிட்டேன். இதோ, கருவூல முத்திரை குத்திய ஓலை."

ராஜா வாங்கி உரக்கப் படித்தார். "உள்ளே வந்தவர் பெயர், ஏகவீரர். வந்த காரியம், மருதாயி வழக்கைக் கைவிடச் சொல்ல!"

ஏகவீரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் கருவூலத்திலா இதற்கு முத்திரை குத்தினார்கள்?"

"பொன்னைக் கண்டால் உங்கள் ஆட்கள் ஓலையைப் படிப்பதில்லையே, ஐயா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசற்படி வரி அங்கேயே ஒழிந்தது. வேம்பையனுக்கு ஒரு பட்டுச் சால்வையும், பந்தலுக்குப் பத்துக் கறவை மாடுகளும் கிடைத்தன. மறுநாள் விசாரணையில் மருதாயியின் நிலம் அவளிடமே திரும்பியது.

ஏகவீரருக்கா? கோடை முடியும்வரை அந்தப் பந்தலில் மோர் கடையும் வேலை. முதல் குவளையை வாங்கிக் குடித்தவள் மருதாயிதான்.

"உப்பு பத்தலையே சாமி!" என்றாள்.