கலிங்கத்துப் பாறையில் இல்லாத வரிகள்

கலிங்கத்தில் ஒரு பெரிய பாறை. அந்த நாட்டைப் போரில் பிடித்த பேரரசன் தன் கட்டளைகளை அதில் வெட்டி வைத்திருந்தான். பூச நட்சத்திரம்தோறும் அதை ஊராருக்கு உரக்க வாசிக்க வேண்டும்.

அந்த வேலை புதிதாக வந்த பிக்கு பத்ரகன் தலையில் விழுந்தது. பாவம், கலிங்கத்தை எரித்த படையில் அவனும் ஒருவன். வாளை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் காவி கட்டியவன்.

மற்ற தேசத்துப் பாறைகளில் மன்னனின் வருத்தமும் வெட்டியிருந்தது. இத்தனை பேரைக் கொன்றோமே, நெஞ்சு பொறுக்கவில்லையே என்று. பத்ரகனுக்கு அது மனப்பாடம். இங்கே மட்டும் அந்த வரிகள் இல்லை. எல்லாம் அதிகாரிகளுக்கான கட்டளைகள்.

"இங்கேயல்லவா ஐயா அதை முதலில் வெட்டியிருக்க வேண்டும்?" என்று குரு சுமணரிடம் கேட்டான். "நாளைக்கு வாசிக்கும்போது அதையும் நான் சொல்லட்டுமா?"

"சொல்லேன்" என்றார் அவர்.

மறுநாள் ஊரார் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராஜா எழுதினால் என்ன, எவன் எழுதினால் என்ன என்று வயலுக்குப் போய்விட்டார்கள். வந்தவள் நந்தை ஒருத்திதான். புருஷனையும் மூத்த மகனையும் போரில் வாரிக் கொடுத்தவள்.

பத்ரகன் எழுந்து நின்றான். இவள் வாயால் 'போகட்டும்' என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று தவித்தான். பாறையைப் பார்க்காமல் மனப்பாடத்தைச் சொன்னான். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது.

"அந்தப் படையில் நானும் இருந்தேன் அம்மா. மன்னித்துவிடுங்கள்."

நந்தையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னர் அழுதாரா? நல்லது. நீங்களும் அழுங்கள் சாமி, யார் வேண்டாமென்றது? என் சின்னவனைக் கோட்டைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். என்ன குற்றம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். அவனுக்கு இந்தக் கல்லில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதற்குத்தான் ஓடி வந்தேன்."

பத்ரகன் திரும்பிப் பாறையைப் பார்த்தான். இருந்தது. காரணமில்லாமல் எவரையும் சிறையில் அடைக்கக் கூடாது, வதைக்கக் கூடாது. அதிகாரிகளுக்கு மன்னன் இட்ட கட்டளை. அதை அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

"சிறை அதிகாரிக்கு இது தெரியுமா சாமி?"

"அவர் வாசிப்புக்கு வருவதில்லை அம்மா."

"யாராவது போய்ச் சொன்னால் என்ன?"

சிறை அதிகாரி பத்ரகனுடைய பழைய படைத்தலைவன். படையை விட்டு ஓடியவன் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருவிடம் குனிந்தான்.

"ஐயா, நான் இந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க மட்டும்தான் வந்தேன்."

"கேட்டாயிற்றே" என்றார் சுமணர். "அவளும் பதில் சொல்லிவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் கோட்டைக்குப் போ."