முதுகுக்குப் பின்னால்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினாறாம் நாள், சனிக்கிழமை. கோயம்புத்தூரில் விடியற்காலையிலிருந்தே சாரல். மேகம் தென்னை உயரத்துக்கு இறங்கியிருந்தது. விமானிகள் விரும்பாத வானிலை அது.

அவினாசி சாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மைதிலி என்னும் பொறியாளர் போர் விமானச் சிமுலேட்டர் ஒன்றை நிறுவியிருந்தார். சிமுலேட்டர் என்பது பறக்காத விமானம். இருக்கை உண்டு; கைப்பிடி உண்டு; கருவிகள் உண்டு. முன்னும் இருபுறமும் திரைகளில் வானமும் நிலமும் ஓடும். அன்று அதில் ஏறிப் பார்ப்பதற்கு, 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போர்க்காலத்து விமானிகள் மூவரை அவர் அழைத்திருந்தார்.

ஒருவர் மாசிலாமணி, வயது எழுபத்தாறு. மற்றொருவர் தேவசகாயம், எண்பத்தாறு வயதான நாகர்கோவில்காரர். மாசிலாமணிக்குப் பறக்கக் கற்பித்தவர் அவர்தாம். மூன்றாமவர் பக்தவத்சலம், வாய் ஓயாதவர்.

மாசிலாமணி வேடிக்கை பார்க்க வரவில்லை. மெல்போர்னில் வாழும் அவருடைய மகள் நிவேதிதாவுக்கு அம்மாத இறுதியில் தலையில் அறுவைச் சிகிச்சை. "இந்தத் தடவையாவது வாங்கப்பா" என்று அவள் கேட்டிருந்தாள். அங்கே நடந்த அவளுடைய திருமணத்துக்கே அவர் போகவில்லை. விமானப்படையிலிருந்து விலகிய பின் அவர் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. இரண்டு முறை பயணச்சீட்டோடு விமான நிலைய வாயில்வரை சென்று திரும்பியிருந்தார். தரையில் நிற்கும் பொம்மையிலாவது உட்கார முடிகிறதா என்று பார்க்கவே அன்று வந்தார். முடியவில்லையென்றால் மகளுக்கு என்ன சொல்வது என்பது அவருக்குத் தெரியவில்லை.

பக்தவத்சலம் முதலில் ஏறினார். இறங்கும்போது ஓடுதளத்தை விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினார்.

"நெல்லு எப்படி வெளஞ்சிருக்குன்னு பாத்துட்டு வந்தேன்" என்றார். மைதிலி சிரித்துவிட்டார்.

அடுத்து மாசிலாமணி ஏறினார். கைப்பிடியைப் பற்றினார். விமானம் சீராக எழுந்தது. மேகத்தைக் கடந்தது. அப்போது அவருடைய கழுத்து தானாகத் திரும்பியது. இடத்தோளுக்கு மேலாகப் பின்னே பார்த்தார். அங்கே திரை இல்லை. கறுப்புச் சுவர் இருந்தது. வலத்தோளுக்கு மேலாகப் பார்த்தார். அங்கும் சுவர். மீண்டும் இடப்புறம். உடல் திரும்பத் திரும்பக் கையும் கூடவே சென்றது. விமானத்தின் மூக்கு சாய்ந்தது. திரை முழுதும் சிவந்தது.

"தரையில மோதிட்டீங்க சார்" என்றார் மைதிலி. பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "திரும்பாதீங்க. பின்னால யாருமே இல்ல."

மாசிலாமணியின் முகம் வெளுத்தது.

"பின்னால பாத்துக்கிட்டே வண்டி ஓட்டுற ஒரே ஆளு நீதான்டா மாசி" என்றார் பக்தவத்சலம்.

இரண்டாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. மாசிலாமணி இறங்கிச் சென்று, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

தேவசகாயம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அருகே வந்தார்.

"டே மாசி, அங்க என்னத்தத் தேடுத?"

"உங்களுக்குத் தெரியும் சார்."

அவருக்குத் தெரியும். போர் விமானங்கள் இரண்டிரண்டாகச் செல்லும். முன்னே செல்பவர் இலக்கைப் பார்ப்பார். பின்னே வருபவர் முன்னவரின் முதுகைக் காப்பார். அந்த டிசம்பர் மாதத்து நண்பகல் ஒன்றில் மாசிலாமணி முன்னே சென்றார். அவருடைய தோழர் குருவில்லா பின்னே வந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது குருவில்லாவின் விமானம் இருந்தது. மறுமுறை திரும்பியபோது வானம் மட்டும் இருந்தது. புகை இல்லை, ஓசை இல்லை, வானொலியில் ஒரு சொல் இல்லை. பின்னர்த் தேடியவர்களுக்கு ஒரு தகடுகூடக் கிடைக்கவில்லை.

"பின்னால எதிரி வந்தா எனக்குப் பயமில்ல சார். யாருமே இல்லைன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே, அதுதான் பயம். பயணிகள் விமானத்துல ஏறினாலும் இதே கதைதான். இருநூறு பேர் பின்னால உக்காந்திருந்தாலும் நான் திரும்பித் திரும்பிப் பாப்பேன். அடுத்த தடவை பாக்கும்போது ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னு தோணும்."

"ம்."

"கழுத்து வலிக்காம இறங்கினவன் பறக்கல, ஊர் சுத்திட்டு வந்தான்னு சொல்லுவீங்க. பின்னால பாக்கக் கத்துக்கொடுத்தீங்க. பாக்காம இருக்கக் கத்துக்கொடுக்கலையே சார்."

தேவசகாயம் மைதிலியின் பக்கம் திரும்பி, மகளை அழைக்கும் தம் ஊர் வழக்கில், "மக்களே, ஒரு நாற்காலி கொண்டா" என்றார்.

நாற்காலி வந்தது. அதைச் சிமுலேட்டரின் இருக்கைக்கு நேர் பின்னால், கறுப்புச் சுவரைப் பார்த்தவாறு தாமே இழுத்துப் போட்டார். கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு அதில் அமர்ந்தார்.

"ஏறு."

"சார், இது வெறும்..."

"பின்னால நான் பாத்துக்கிடுதேன். நீ முன்னால பாரு. ஒருக்காத் திரும்பினாலும் நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன், கேட்டியா."

"சுவத்தையா பாக்கப் போறீங்க சார்?" என்றார் பக்தவத்சலம்.

"உன்னப் பாக்கதவிடச் சுவரப் பாக்கது கொள்ளாம்."

மாசிலாமணி மூன்றாம் முறையாக ஏறினார்.

ஓடுதளம் நழுவியது. வயல்கள் சிறுத்தன. மேகம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது; அவர் திரும்பவில்லை. பின்னாலிருந்து தேவசகாயத்தின் இருமல் கேட்டது. கைத்தடி தரையில் உரசும் ஓசை கேட்டது. அந்த ஓசைகளைப் பிடித்துக்கொண்டு அவர் பறந்தார்.

மேகத்துக்கு மேலே சென்றபோது இருமல் நின்றது. கைத்தடியின் ஓசையும் நின்றது.

மாசிலாமணி காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சார்" என்றார், முன்னே பார்த்தபடியே.

விடை இல்லை.

எழுந்து போய்விட்டாரா? தாம் திரும்பவில்லையே, ஏன் போக வேண்டும்? திரையில் தெரிந்த வானம் அந்த நண்பகலின் வானத்தைப் போலவே தூய்மையாய் இருந்தது. திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பி, அங்கே வெறும் நாற்காலி இருந்துவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை. விமானத்தை மெல்ல வளைத்தார். உயரத்தைக் குறைத்தார். மேகத்துக்குள் நுழைந்து வெளிவந்தார். ஓடுதளத்தின் நடுக்கோட்டில் சக்கரம் படிந்தது. விமானம் ஓடி, தளர்ந்து, நின்றது.

அதன் பின்னரே திரும்பினார்.

நாற்காலி வெறுமையாய் இல்லை. தேவசகாயத்தின் வெண்தலை மார்பின்மேல் கவிழ்ந்திருந்தது. கைத்தடி சரிந்து தரையில் கிடந்தது. முகம் தெரியவில்லை.

மாசிலாமணி இருக்கையிலிருந்து இறங்கினார். தோளைத் தொடக் கையை நீட்டினார், தொட இயலவில்லை. பக்தவத்சலமும் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"சார்."

தலை அசையவில்லை.

"சார்" என்றார் மறுபடியும்.

தேவசகாயம் தலையை நிமிர்த்தினார். வாயோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"எறங்கியாச்சா?"

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆச்சு சார்."

"மூக்கு சாஞ்சுதா?"

"இல்ல."

"திரும்பினியா?"

"இல்ல சார். நீங்க தூங்கிட்டீங்க."

"ஆமா. மேகத்துக்கு மேல போனதும் கண்ண அசத்திட்டு."

"பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அப்போ, நான் பறந்தப்ப எனக்குப் பின்னால யாருமே இல்ல."

தேவசகாயம் குனிந்து கைத்தடியை எடுத்தார். அதை ஊன்றி எழுந்தார்.

"இருந்தேனே. தூங்கிட்டு இருந்தேன்."

மாசிலாமணி வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் அவர் மெல்போர்னுக்கு விமானம் ஏறினார். இருக்கை நடுவரிசையில் அமைந்தது. வழியில் பலமுறை திரும்பிப் பார்த்தார். அறுவை நடந்த அன்று காலைமுதல், அறுவைக்கூடத்தின் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் காத்திருந்தார். அதில் பாதி நேரம் அவர் உறங்கிவிட்டதாக, அவர் ஊர் திரும்பிய பின், செவிலியரிடம் கேட்டறிந்த மகள் தொலைபேசியில் சொல்லிக் கேலி செய்தாள்.