லாச்சிஹிதியைப் பெருக்கிய ஹேராமாயா

இமயத்தின் மடியிலே, லலித்பூர் என்னும் பழம்பதியில், நேவார் மக்கள் நெருங்கி வாழ்ந்த பேட்டை ஒன்று இருந்தது. லாச்சிஹிதி என்று பெயர். ஹிதி என்றால் அவர்கள் மொழியில் கல்தாரை. தெருவிலிருந்து பதினெட்டுப் படி இறங்கினால் செங்கல் பாவிய பள்ளம். அதன் சுவரில் மகர வாயாகச் செதுக்கிய தாரை. தாரைக்கு மேலே படம் விரித்த நாகராஜா. வடக்கே ஒரு குளத்து நீர் மண்ணுக்கடியில் கல்வாய்க்கால் வழியே வந்து அந்த வாயில் கொட்டியது. பேட்டை முழுவதும் அதைக் குடித்தது. தன் தெய்வங்களையும் அதிலேதான் நீராட்டியது.

அப்பேட்டையின் தெருக்களைப் பெருக்கி வந்தவர் ஹேராமாயா. தெரு பெருக்கும் டியலா குலத்தவர். அவர் தொட்ட நீரைப் பிறர் குடிக்க மாட்டார்கள். கோயில் வாசலைப் பெருக்கலாம், படியேறக் கூடாது. அவருக்கு அது வலிக்காமல் இல்லை. ஆனால் நாகராஜா வெட்டவெளியில் வீற்றிருந்தார். தெருவேலை முடிந்ததும் ஹேராமாயா பள்ளத்தில் இறங்கிப் படிகளைக் கூட்டுவார், பாசியைச் சுரண்டுவார், நாகராஜாவின் முன் பிடி அரிசியும் ஒரு பூவும் வைப்பார். அதுவே அவருடைய பூசை.

ஓராண்டு தாரை நின்றது. அதே ஆண்டு அவருடைய கணவரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நாகராஜாவின் கோபம் என்றார்கள் சிலர். வாய்க்காலுக்குள் பாம்பு குடியிருப்பதாகப் பேச்சு. இறங்கிப் பார்க்க ஒருவரும் துணியவில்லை. ஏழு ஆண்டுகள் ஒரு சொட்டு நீர் இல்லை. ஹேராமாயா மட்டும் ஒருநாள் தவறாமல் வறண்ட தாரையைத் துடைத்து வந்தார்.

"ஏ ஹேரா, செத்த தாரைக்கு எதுக்குடி சிங்காரம்?" என்று மேலே நின்று சிரிப்பார்கள்.

"தூங்குறவங்களப் போய்ச் செத்துட்டாங்கன்னு சொல்லாதீங்க" என்பார் அவர். கை நிற்காது.

கடைசியில் பேட்டையின் தலைவரான பேகாரத்ன தகாலி, பள்ளத்தை மண் கொட்டி மூடிச் சந்தைத் திடலாக்குவது என்று முடிவு செய்தார். செய்தி கேட்டதும் ஹேராமாயா துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய்த் தகாலியின் வீட்டு வாசலில் நின்றார்.

"தகாலி ஐயா, நாளைக்குச் சிதி நக்கா. வாய்க்காலுக்குள்ள நான் இறங்குறேன். அந்த ஒரு பகல் மட்டும் குடுங்க."

சிதி நக்கா என்பது குமாரன் பிறந்த சஷ்டி. நம் முருகப் பெருமானுக்கு அங்கே நடக்கும் திருவிழா. நேவார் மக்கள் கிணறுகளையும் தாரைகளையும் தூர்வாருவது அன்றைக்குத்தான். நாகர்கள் அன்று தங்கள் குலதெய்வத்தைக் கும்பிட வெளியூர் போய்விடுவார்களாம்.

"உள்ள பாம்பு கடிச்சா நான் பொறுப்பில்ல" என்றார் தகாலி. "பொழுது சாயறதுக்குள்ள தண்ணி வரணும். வரலன்னா மண்ணு விழும்."

மறுநாள் வீட்டுக்கு வீடு பருப்பு அடை மணத்தது. வேடிக்கை பார்க்க ஊரே பள்ளத்தைச் சுற்றிக் கூடியது. சுவருக்குப் பின்னாலிருந்த மூடுகல்லை நெம்பித் திறந்து, இடுப்பில் களைக்கொட்டும் கையில் அகல்விளக்குமாக ஹேராமாயா உள்ளே இறங்கினார்.

வாய்க்கால் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுதான். முழங்கை உரசித் தோல் பிய்ந்தது. எட்டு முழம் போனதும் விளக்கு அணைந்தது. இருட்டில் கை நீட்டியபோது வழி இரண்டாகப் பிரிந்தது புலப்பட்டது. எந்தப் பக்கம்? அந்த நேரத்தில் குளிர்ந்த ஏதோ ஒன்று அவர் புறங்கையின் மேல் மெல்ல ஊர்ந்தது.

ஹேராமாயா மூச்சை அடக்கினார். பயத்துக்கு முன்னால் பக்தி வந்து நின்றது.

"ராஜா, இன்னைக்கு ஊருக்குப் போகலியா? உன் வீட்டப் பெருக்கத்தான் வந்திருக்கேன். வழி காட்டு."

பாம்பு அவர் கையை விட்டு இடப்பக்கமாக நெளிந்து சென்றது. சரசரவென்ற அந்த ஒலியைப் பற்றிக்கொண்டே தவழ்ந்தார். ஒலி நின்ற இடத்தில் அரசமர வேர்கள் பின்னிப் பிணைந்து வாய்க்காலை அடைத்திருந்தன. கொத்தினார். வேர் அறுந்தது, கல் சரிந்தது. மறுபுறம் ஒரு முழக்கம் எழுந்தது. "ராஜா!" என்று அலறுவதற்குள் வெள்ளம் அவரைப் பந்துபோல் உருட்டிக்கொண்டு வந்து மூடுகல் திறந்திருந்த வாயின் கீழே தள்ளியது.

அவர் என்ன குலம் என்று பார்க்க அப்போது யாருக்கும் நேரமில்லை. நாலு கைகள் நீண்டு அவரை மேலே இழுத்தன. அதே கணத்தில் மகரத்தின் வாயிலிருந்து முதலில் பொன்னிறப் பாம்பொன்று வெளிப்பட்டு, நாகராஜாவின் சிலையைச் சுற்றி இடுக்கில் மறைந்தது. அதன் பின்னாலேயே சேறு வந்தது. சேற்றின் பின்னால் தண்ணீர்! ஏழாண்டுத் தண்ணீர் ஓவென்று கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். கிழவர்கள் சட்டையோடு போய் நனைந்தார்கள்.

கொட்டிய வேகத்தில் தாரைக்குக் கீழே யாரோ எக்காலத்திலோ பூசிய காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கல்லில் பழைய எழுத்துகள்! பேட்டையின் பௌத்த பூசாரியான குபாஜு இறங்கிவந்து, விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"'இத்தாரையைப் பேணும் கை எக்குலத்ததாயினும், முதல் நீர் வார்க்கும் கை அதுவே. இது நாகராஜன் ஆணை.'"

எல்லார் கண்ணும் தகாலியின் மேல்.

ஹேராமாயா பின்வாங்கினார். "வேணாம் ஐயா, என் கையால எப்படி…"

"எழுதினது மனுசன் இல்லம்மா" என்றார் குபாஜு.

தகாலி பதினெட்டுப் படியும் இறங்கி வந்தார். ஈரச் செங்கல்லில் முழந்தாளிட்டு இரு கைகளையும் குவித்து நீட்டினார்.

"ஊத்துங்க அம்மா. ஏழு வருசத் தாகம்."

சிராய்ப்பில் குருதி கசிந்த கைகளால் ஹேராமாயா நீரை ஏந்தி வார்த்தார். தகாலி ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார். அவருக்குப் பின்னால் பேட்டையே வரிசையில் வந்து நின்றது.

வறண்ட கல்லிலும் தம் தெய்வத்தை ஒருநாளும் மறவாத அந்தத் தாயின் திருக்கரங்கள் வாழ்க.