கண்ணுக்குக் கீழே ஒரு கோடு

லாப்போ தன் மனைவி தெஸ்ஸாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் காய்ச்சலில் படுத்தபடியே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

"என்னையே பார்த்துக்கொண்டு நின்றால் சுவர் காய்ந்துவிடும். போங்கள். நான் எங்கே ஓடிவிடப்போகிறேன்? மாதாவுக்கு என் மூக்கை மட்டும் வைத்துவிடாதீர்கள், ஊரே சிரிக்கும்."

கேளுங்கள், இது இத்தாலி தேசத்தில், நம் பாட்டனாருக்குப் பாட்டனார் பிறப்பதற்கும் முந்தி நடந்தது. மலைமேல் இருந்த ஓர் ஊரில், மாதா கோயில் சுவர்களில் படம் எழுதிப் பிழைத்தவர் லாப்போ. அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. ஈரச் சுண்ணாம்பில் எழுதினால் நிறத்தைச் சுவர் குடித்துக்கொள்ளும். சுவர் உள்ளவரை போகாது. காய்ந்த சுண்ணாம்பில் எழுதினால் நிறம் மேலேயே நிற்கும். சில மழைக்காலம் போனால் உதிரும். அதனால் ஒரு பகலில் எழுதி முடிக்கிற அளவுக்குத்தான் காலையில் பூசுவார்கள்.

அன்று மாதாவின் முகம். நெற்றியை எழுதினார், புருவத்தை எழுதினார், கண்களை எழுதினார். அவை தெஸ்ஸாவின் கண்களாகவே வந்தன. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து வாசலில் நின்றார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். லாப்போ தூரிகையைக் கீழே வைத்தார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது சுவர் காய்ந்திருந்தது. கண்களுக்குக் கீழே முகம் இல்லை.

படத்தைச் செய்யச் சொன்ன வணிகர் கொர்ஸோ, "காய்ந்ததன் மேலேயே முட்டையின் மஞ்சள் கருவில் நிறத்தைக் குழைத்து எழுதிவிடும். திருவிழாவுக்குப் பளபளவென்று இருந்தால் போதும்" என்றார். பாதிரியார், "எல்லாவற்றையும் கொத்தித் தள்ளிவிட்டு முதலிலிருந்து எழுதப்பா" என்றார். உடன் வேலை செய்த நேரி, "திரையைத் தொங்கவிட்டுவிடுங்கள் அண்ணே, யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள்?" என்றான்.

உதிரப்போகிற முகத்தை எழுத லாப்போவுக்கு மனமில்லை. இனிப் பார்க்க முடியாத கண்களைக் கொத்தக் கை வரவில்லை. திரைபோட்டு மறைக்கவும் தோன்றவில்லை. கண்ணுக்குக் கீழே காய்ந்திருந்ததை மட்டும் உளியால் வெட்டி எடுத்தார். புதிதாகப் பூசி, ஈரம் இருக்கும்போதே எழுதி முடித்தார். பழையதும் புதியதும் சேர்ந்த இடத்தில், முகத்தின் குறுக்கே, மெல்லிய கோடு விழுந்தது.

"மாதாவின் முகத்தில் தழும்பா?" என்றார் கொர்ஸோ.

"அந்த இடத்தை எழுதும்போதுதான் ஆள் வந்தது, ஐயா."

"அடுத்த சுவர் உமக்கு இல்லை."

அந்தச் சுவர் நேரிக்குப் போயிற்று. கோடே விழக்கூடாதென்று, அவன் காய்ந்த சுவரில் எழுதினான். ஊர் மெச்சியது. லாப்போ அந்தக் குளிர்காலம் முழுவதும் மாட்டுத் தொழுவங்களுக்கு வெள்ளையடித்துச் சாப்பிட்டார்.

மழைக்காலங்கள் வந்தன, போயின. நேரி எழுதிய புனிதர்கள் செதில் செதிலாகத் தரையில் உதிர்ந்தார்கள்.

துயரம் குறுக்கே வந்த இடத்தை மூடி மறைக்காமல், அங்கிருந்தே வேலையை ஒழுங்காகத் தொடர்கிறவன் செய்ததுதான் நிலைத்து நிற்கும்.

லாப்போ எழுதிய சுவரில், கண்களுக்குக் கீழே இன்றும் கோடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே தெஸ்ஸாவின் மூக்கு இருக்கிறது.