மேட்டுப் புல்வெளிக்குக் காவல் யார்?

மலைக்குத் தெற்கே இருந்த காட்டில் மிளா என்ற பெரிய மான்களும் புள்ளிமான்களும் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. மேயும்போது மானின் தலை குனிந்துதான் இருக்கும். அதனால் மேலே மரத்தில் ஒரு காவல் வேண்டும். சிறுத்தை பதுங்கி வந்தால் காவல் குரல் கொடுக்கும். கூட்டம் ஓடிப் பிழைக்கும்.

போன கோடையில் மேட்டுப் புல்வெளியில் ஒரு கிளி காவல் இருந்தது. அதற்குக் குரல் நன்றாகவே இருந்தது. ஆனால் சிறுத்தை வந்தபோது அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போனது செவந்தி என்ற மிளாவின் முதல் கன்று. கிளி வெட்கப்பட்டு வேறு காட்டுக்குப் பறந்துவிட்டது.

அன்றிலிருந்து கூட்டம் மேட்டுப் புல்வெளிப் பக்கமே போகவில்லை. ஆற்றோரத்துக் கோரையைத் தின்று காலம் தள்ளியது. கன்றுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

தாட்டான் என்ற கருங்குரங்கு, காவல் வேலை கற்றுத்தரப் பள்ளி ஒன்று தொடங்கினார். பொன்னலகி என்ற மைனா, பட்டுவாலன் என்ற மலையணில், ஒரு மயில் என மூவர் சேர்ந்தார்கள். மழைக்காலம் முழுவதும் பாடம் நடந்தது. மழை ஓய்ந்ததும் கூட்டத்தின் தலைவரான நெடுங்கொம்பர் செவந்தியைக் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க தேறிட்டாங்களான்னு நீதான் பார்த்துச் சொல்லணும். சீக்கிரம் முடி. மேட்டுப் புல்லு காய்ஞ்சா அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது."

"பார்த்துச் சொல்றேன் தலைவரே," என்றாள் செவந்தி.

நாவல் மரத்தடியில் தேர்வு நடந்தது. தாட்டான் வாத்தியார் கேள்வி கேட்டார். பொன்னலகி பட்பட்டென்று பதில் சொன்னாள். சிறுத்தை எந்த நேரத்தில் கிளம்பும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் வரும், செந்நாய்க்கு எந்தக் குரல், கழுகுக்கு எந்தக் குரல் என எதிலும் அவள் தடுமாறவில்லை. மயில் பதிலில் பாதியை மறந்தது. ஆனால் அது போட்ட சத்தத்தில் எதிர்மலையே அதிர்ந்தது. பட்டுவாலன் திக்கித் திணறி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வாலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு பேரும் தேறியாச்சு. மைனாதான் முதல்," என்றார் வாத்தியார்.

செவந்தி மெதுவாகச் சொன்னாள்: "வாத்தியாரே, பதில் கேட்டாச்சு. இவங்க காவல் இருக்கிறதை நான் இன்னும் பார்க்கலையே."

"நான் சொல்லிக் குடுத்ததுல என்ன குறை கண்டே?"

"குறையே சொல்லலை. கேட்டா குரல் குடுக்கிறாங்க. ஆனா சிறுத்தை வந்து, 'நான் வந்திருக்கேன், குரல் குடு'ன்னு கேட்காதே."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெடுங்கொம்பருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் பொறுப்பைக் கொடுத்தவர் அவர்தான். "சரி, பாரு," என்று விட்டுவிட்டார்.

செவந்தி கரிச்சி என்ற காட்டுப்பன்றியிடம் போனாள். கரிச்சிக்கு யாரைக் கண்டாலும் எரிச்சல் வரும். ஆனால் அவளைப்போல் சத்தமில்லாமல் புதருக்குள் நுழைய யாராலும் முடியாது.

"நான் மேயுற இடத்துக்கு ஒரு தரம் சாதாரணமா நடந்து வா. அதுக்குக் குரல் வரக்கூடாது. இன்னொரு தரம் சிறுத்தை மாதிரி பதுங்கி வா. அதுக்குக் குரல் வரணும். எப்போ, எந்தப் பக்கமா வருவேன்னு எனக்கும் சொல்லாதே."

"கிழங்கு தோண்டுற நேரத்துல இது ஒரு வேலையா?" என்று உறுமிவிட்டுக் கரிச்சி ஒத்துக்கொண்டாள்.

முதலில் மயில் காவல் இருந்தது. சருகு விழுந்தால் கத்தியது. முயல் ஓடினால் கத்தியது. மான்கள் ஓடி ஓடி அலுத்துப்போயின. கடைசியில் கரிச்சி பதுங்கி வந்தபோதும் மயில் கத்தத்தான் செய்தது. ஒரு மான்கூடத் தலை தூக்கவில்லை.

அடுத்தது பொன்னலகி. சிறுத்தை மூங்கில் புதரிலிருந்துதான் அதிகம் வரும் என்று பாடத்தில் இருந்தது. அவள் மூங்கில் புதரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கரிச்சி ஓடைப் பக்கமாகப் பதுங்கி வந்தாள். செவந்தியின் தொடையில் மூக்கால் இடித்த பிறகுதான் மேலேயிருந்து குரல் வந்தது.

பட்டுவாலனின் முறை வந்தது. கரிச்சி சாதாரணமாக நடந்து வந்தபோது அவன் பேசாமல் இருந்தான். பதுங்கி வந்தபோது உடனே குரல் கொடுத்தான். அவள் பாறைக்குப் பின்னால் மறைந்ததும் கிளைக்குக் கிளை தாவி, அவளைப் பார்க்கிற இடத்துக்குப் போய் மறுபடியும் குரல் கொடுத்தான். அவள் போகும்வரை விடவில்லை.

செவந்திக்கு மனம் நிறைந்தது. ஆனாலும் அவனைக் கீழே கூப்பிட்டுக் கேட்டாள். "வந்தது செந்நாய்க் கூட்டமா இருந்தா என்ன பண்ணுவே?"

"இதே குரல்தான் குடுப்பேன்க்கா."

"இந்தக் குரலைக் கேட்டா நாங்க வெட்டவெளிக்கு ஓடுவோம். அங்கே செந்நாய் கூட்டமா வளைச்சுப் பிடிக்கும். அதுக்கு நாங்க தண்ணிக்குள்ள இறங்கணும். நீ தப்பான குரல் குடுத்தா நீயே எங்களை அதுங்க வாயில தள்ளுற மாதிரி ஆயிடும்."

பட்டுவாலன் தலை குனிந்தான்.

செவந்தி கூட்டத்தின் முன்னால் வந்து நின்றாள். "மூணு பேரும் இன்னும் தேறலை," என்றாள்.

ஒரே கூச்சலாகிவிட்டது. பசித்த தாய்மான்கள் அவளைத் திட்டின. பொன்னலகி பறந்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு இறகெல்லாம் சிலிர்த்திருந்தது.

"இது நியாயமில்லைக்கா. எதைப் பார்க்கப் போறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லை. பாடத்துல கேட்டதுக்கெல்லாம் நான் சரியாத்தான் சொன்னேன்."

மைனா சொன்னதில் உண்மை இருந்தது. பன்றி வருவதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செவந்தி தான் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லப்போகிறாள் என்பதைச் சொல்லியிருக்கலாம்.

"நீ சொல்றது சரிதான் பொன்னலகி. அது என் தப்பு. இப்போ சொல்றேன், கேட்டுக்கோங்க. எல்லாப் பக்கமும் பார்க்கணும். ஆபத்து இல்லாததுக்குக் கத்தக்கூடாது. வந்தது எதுவோ அதுக்கான குரலைக் குடுக்கணும். அது போற வரைக்கும் விடக்கூடாது. அடுத்த தரமும் இதைத்தான் பார்ப்பேன். இதுக்கு மேல எதுவும் கேட்க மாட்டேன். இதுல எதையும் விட்டுக்குடுக்கவும் மாட்டேன்."

நெடுங்கொம்பர் பொறுமை இழந்தார். "உன் தேர்வு முடியுறதுக்குள்ள கன்றுங்க செத்துப்போகும். எனக்கு மயில் போதும். அந்தச் சத்தத்துக்கு எந்தச் சிறுத்தையும் கிட்ட வராது."

மறுநாளே பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார். செவந்தி வழியில் நின்று தடுத்துப் பார்த்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சிறுத்தை வரவே இல்லை. ஆனால் மயில் நாள் முழுவதும் கத்தியிருந்தது. ஒருவராலும் ஒரு வாய் புல்லை நிம்மதியாக மெல்ல முடியவில்லை. வெறுமனே ஓடியதில் நெடுங்கொம்பரின் கன்று பாறை இடுக்கில் விழுந்து கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தது.

அவர் செவந்தியிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "மயில் வேண்டாம். மைனாவையும் அணிலையுமாவது தேறினதாச் சொல்லிடேன். மிச்சத்தை வேலையில கத்துப்பாங்க."

செவந்தி நொண்டும் கன்றைப் பார்த்தாள். அதன் விலாவைப் பார்த்தாள். தன் கன்றின் முகம் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

"முடியாது தலைவரே," என்றாள். "நான் தேறிட்டாங்கன்னு சொன்னா, அதை நம்பி எல்லாரும் தலையைக் குனிவாங்க. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல என்னால ஆகாது."

இதைப் பொன்னலகி மேலிருந்து கேட்டாள். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்த மிளா யாருக்காகவும் தேர்வின் அளவைக் குறைக்க மாட்டாள் என்பது புரிந்தது. அப்படியானால் அந்த அளவைத் தொட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். நேரே பட்டுவாலனின் கூட்டுக்குப் போனாள்.

"உனக்குப் பார்க்கத் தெரியுது. எனக்குக் குரலெல்லாம் தெரியுது. நீ எனக்குக் காட்டு. நான் உனக்குச் சொல்றேன்."

"நான் எப்படிப் பார்க்கிறேன்னு எனக்கே சொல்லத் தெரியாதே," என்றான் அவன்.

"சொல்ல வேண்டாம். நீ பார்க்கும்போது பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்."

அப்படியே செய்தார்கள். அணிலின் கண் ஓரிடத்தில் நிற்காது என்பதைப் பொன்னலகி கண்டுகொண்டாள். அவன் புல் அசைவதைப் பார்க்கவில்லை. காற்றுக்கு எதிராக அசையும் புல்லைத்தான் பார்த்தான். பட்டுவாலனோ ஒவ்வொரு குரலையும் தொண்டை வறளும்வரை சொல்லிப் பழகினான். தவறினால் மைனா அவன் வாலைக் கொத்தினாள். தாட்டான் வாத்தியாரும் ரோஷத்தை விட்டுவிட்டு மரத்தடிப் பாடத்தை மரத்தின் மேலே கொண்டுபோனார். மயிலும் ஒருநாள் ஓசையில்லாமல் வந்து பின்கிளையில் உட்கார்ந்தது. யாரும் அதை விரட்டவில்லை.

மறுதேர்வு நாள் வந்தது. முதலில் பொன்னலகி காவல் ஏறினாள். செவந்தி சில மான்களோடு கீழே மேய்ந்தாள்.

அன்றைக்குக் கரிச்சி மலைப்பக்கமிருந்து வருவாள் என்று செவந்திக்குத் தெரிந்துவிட்டது. விடியலில் அவள் முணுமுணுத்துக்கொண்டு மலையேறியதைச் செவந்தியே பார்த்துவிட்டாள். ஆகவே குரல் மலைப்பக்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

திடீரென்று பொன்னலகியின் குரல் கேட்டது. சிறுத்தைக்கான குரல். ஆனால் அவள் காட்டியது ஆற்றுப் பக்கம்.

'மறுபடியும் தவறிவிட்டாளே,' என்று செவந்தியின் மனம் சொன்னது. பக்கத்திலிருந்த நெடுங்கொம்பரும் தலையை ஆட்டினார். ஆனால் குரல் நிற்கவில்லை. பொன்னலகி அடுத்த மரத்துக்குப் பறந்து, இன்னும் தாழ்வாக இறங்கி, ஒரே இடத்தைப் பார்த்தபடி விடாமல் கூவினாள்.

பயந்து கத்துபவள் இப்படி ஒரே இடத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். செவந்தி அதற்குமேல் யோசிக்கவில்லை. "ஓடுங்க!" என்று முன்காலால் தரையை உதைத்தாள்.

கூட்டம் வெட்டவெளிக்குப் பாய்ந்தது. அதே நொடியில் ஆற்றங்கரை நாணலிலிருந்து உண்மையான சிறுத்தை எழும்பிப் பாய்ந்தது. அது விழுந்த இடத்தில் மேய்ந்த புல் மட்டும் இருந்தது. தலைக்கு மேல் மைனா கூவிக்கொண்டே இருந்தாள். எதிர்மரத்திலிருந்து பட்டுவாலனும் அதே குரலை எடுத்துக்கொண்டான். காடு முழுவதும் தன்னைப் பார்த்துவிட்டது என்று சிறுத்தைக்குத் தெரிந்தது. வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

மலைப்பக்கமிருந்து கரிச்சி ஆடி அசைந்து வந்து, "என்ன, எனக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

பொன்னலகி கீழே வந்து செவந்தியின் முதுகில் உட்கார்ந்தாள். "நான் தேறிட்டேனாக்கா?"

"தேறிட்டே," என்றாள் செவந்தி. "என் நினைப்பை நம்பாம உன் குரலை நம்பினேன். அதைவிட வேற என்ன வேணும்?"

"அப்போ நாளைக்கே மேட்டுக்குப் போகலாம்," என்றார் நெடுங்கொம்பர்.

"பட்டுவாலன்கிட்ட இன்னும் கேள்வி கேட்கலை தலைவரே."

"சிறுத்தையே வந்து போயாச்சு. இன்னுமா?"

"வந்தது சிறுத்தைதானே. செந்நாய் இல்லையே."

நெடுங்கொம்பர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இந்தத் தடவை அவரே ஒதுங்கி இடம் விட்டார். பட்டுவாலன் முன்னால் வந்தான். செவந்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் நிதானமாக, ஒன்றும் தவறாமல், குரலையும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னான். கடைசிக் கேள்விக்குப் பதில் வந்ததும் தாட்டான் வாத்தியார் கிளையில் நின்று கை தட்டினார். மயில், அடுத்த மழைக்குள் தானும் தேறிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பழகப் போய்விட்டது.

மறுநாள் கூட்டம் மேட்டுப் புல்வெளிக்கு ஏறியது. ஒரு மரத்தில் மைனா, ஒரு மரத்தில் அணில். புல் பாதிதான் பச்சையாக இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. செவந்தி சுற்றிலும் ஒருமுறைகூடப் பார்க்காமல் தலையைக் குனிந்து மேயத் தொடங்கினாள்.

பிறர் உயிரை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன், அவருக்குச் சொல்லத் தெரிந்ததையும் செய்யத் தெரிந்ததையும் நேரில் பார்த்த பிறகே தேறினார் என்று சொல்ல வேண்டும்.